எந்தத் தசையைச் சுருக்குவது?

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக எடுத்த பின், சிறுநீர் வடிய வைத்திருந்த கதீட்டர் குழாயைக் கழற்றியதும் பல ஆண்களுக்கு ஓர் அதிர்ச்சி. இருமினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால் சிறுநீர் கசிகிறது. படுத்திருந்தால் அவ்வளவாக இல்லை. தசை களைத்துப்போகும் சாயங்காலத்தில்தான் அதிகம்.

புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் அதன் நடுவேதான் இறங்குகிறது. நாம் நினைக்காமலேயே இரவும் பகலும் வாசலைப் பூட்டி வைத்திருந்த உள் சுருக்குத்தசை, சுரப்பியை எடுக்கும்போது சேதப்படுகிறது. கீழேயுள்ள வெளிச் சுருக்குத்தசையின் தலையில் முழுப் பாரமும் விழுகிறது. நல்லவேளை, அது நம் சொல் கேட்கும் தசை, பயிற்சி கொடுக்கலாம்.

இடுப்படித் தசைகளைச் சுருக்கி விடும் இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல். 1948இல் அவர் எழுதியது பிரசவித்த பெண்களுக்காக. ஆண்களுக்கு? ‘காற்று பிரியாமல் ஆசனவாயை இறுக்குங்கள்’ என்பதே வெகுகாலமாகச் சொல்லப்பட்டுவந்த பாடம்.

2011இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஏமாற்றமளித்தது. அறுவைக்கு 6 வாரம் கழித்தும் கசிவு இருந்த 411 பேரில், ஓராண்டுக்குப் பின் தனிப்பயிற்சி பெற்றவர்களில் 76 சதவீதம், பெறாதவர்களில் 77 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கசிவு இருந்தது. பயிற்சியே வீண் என்று முடிவுகட்டத் தோன்றும். எந்தத் தசைக்குப் பயிற்சி என்று கேட்பதே சரி என்பேன்.

ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரையன் ஸ்டாஃபோர்ட், பால் ஹாட்ஜஸ் குழுவினர் ஆண்களிடம் வெவ்வேறு கட்டளைகளைச் சொல்லி, அல்ட்ராசவுண்ட் முதலான கருவிகளால் உள்ளே நடப்பதைப் பார்த்தார்கள். ‘ஆசனவாயை இறுக்குங்கள்’ என்றபோது ஆசனவாய்த் தசைதான் அதிகம் வேலை செய்தது. ‘சிறுநீர்ப்பையைத் தூக்குங்கள்’ என்றால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறியது; அது கசிவைக் கூட்டக்கூடியது. ‘ஆணுறுப்பைக் குட்டையாக்குங்கள்’ என்றபோதுதான் சிறுநீர்க்குழாயின் சுருக்குத்தசை மிக நன்றாக விழித்துக்கொண்டது. கேட்கக் கூச்சமான கட்டளைதான், ஆனால் குறி தப்பவில்லை.

கண்ணாடி முன் நின்று சரிபார்க்கலாம்: உறுப்பின் அடிப்பகுதி உள்வாங்கி, விரைகள் லேசாக மேலேற வேண்டும். மூச்சை அடக்கி, புட்டத்தை இறுக்கி, வயிற்றை எக்கினால் அது வேறு உடற்பயிற்சி! இருமுவதற்கும் எழுவதற்கும் சற்று முன்பே சுருக்கப் பழக வேண்டும். கதீட்டர் இருக்கும்போது செய்யக் கூடாது. அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வது உத்தமம்.

பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் கசிவு குறைந்துகொண்டே வரும். ஓராண்டு ஆகியும் தொல்லை தீராவிட்டால், செயற்கைச் சுருக்குவளையம் பொருத்தும் சிகிச்சை இருக்கிறது. ‘வயசானா இப்படித்தான்’ என்று டயபரோடு காலம் தள்ளாதீர்கள். கூச்சப்படாமல் சிறுநீரகவியல் மருத்துவரிடம் கேளுங்கள்.