தொரப்பள்ளியைத் தாண்டும் பிஸ்டல்

2022-ல் நடிகர் அஜித்குமார் திருச்சி ரைஃபிள் கிளப்பில் மாநிலப் போட்டியில் சுட்டார். 2024-ல் மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். இவற்றைப் பார்க்கும் இளைஞருக்குத் தானும் சுட்டுப் பழக வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. மூச்சையும் கவனத்தையும் ஒரு புள்ளியில் நிறுத்தப் பழக்கும் நல்ல விளையாட்டு இது. ஆனால் கூடலூரிலோ மசினகுடியிலோ குடியிருப்பவருக்கு இன்னொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கி பற்றி என்ன சொல்கிறது என்பது செக்போஸ்டில் வண்டியை நிறுத்திய பிறகுதான் தெரிய வருகிறது.

அந்தச் சட்டத்தின் 34-ம் பிரிவைக் கூடலூர்க்காரர்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாக ஆயுத உரிமம் தர வேண்டுமானால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். கூடலூர் முதுமலைச் சரணாலயத்தை ஒட்டிய ஊர். ஆகவே கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து, காவல் நிலைய விசாரணை முடிந்ததோடு வேலை முடிந்துவிடாது. கோப்பு வனத்துறைக்கும் போய்த் திரும்ப வேண்டும். "பணம் கொடுங்கள், ஒரே மாதத்தில் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், இந்த ஒரு பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். அவர் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

31-ம் பிரிவு இன்னும் கறாரானது. எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆயுதம் என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கம் மிக விரிந்தது. விலங்கைக் காயப்படுத்தவோ கொல்லவோ கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். ஏர் பிஸ்டல் மட்டும் எப்படி விதிவிலக்காகும்? 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத குழல்வாய் ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதை நம்பி, மைசூரில் பயிற்சி என்று காரில் வைத்துக்கொண்டு தொரப்பள்ளி, கார்குடி, தெப்பக்காடு வழியாகப் போனால், சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு இருக்கிறீர்கள் என்றுதான் பொருள். கடை ரசீது அங்கே உதவாது. போட்டிக்காகப் போவதானால் முன்கூட்டியே வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். இல்லையேல் ஊட்டி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைப் பக்கம் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை ஏர் பிஸ்டல்தான். துப்பாக்கியைத் தன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் ஆசையும் அதிலேயே தீரும். உள்ளங்கைக்கும் விரலுக்கும் பொருந்தும்படி மரக் கைப்பிடியை இழைத்துக்கொள்ளலாம், குறிகாட்டியை நகர்த்தலாம், ட்ரிக்கரின் இழுவையைச் சரிசெய்யலாம். சர்வதேச விதிப்படி, துப்பாக்கி 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு முன் 500 கிராம் எடைக்கல்லை ட்ரிக்கரில் மாட்டித் துப்பாக்கியை நேர்குத்தாகத் தூக்குவார்கள். கல் மேலே வரும்வரை ட்ரிக்கர் விடுபடாமல் இருந்தால்தான் தேறும். ஸ்பிரிங்கை மாற்றி 20 ஜூலைத் தாண்டவைப்பதும் குழலைப் பெரிதாக்குவதும் வேறு கதை. உரிமம் தேவைப்படாத பொருளை உரிமம் இல்லாத ஆயுதமாக்கும் வேலை அது.

தோட்டாத் துப்பாக்கியில் இந்த எச்சரிக்கை பல மடங்கு. அதைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் சோதிக்கவும்கூட அதற்கென உரிமம் பெற்றவரால்தான் முடியும். பழகிய லேத் பட்டறையில் கொடுத்துக் குழலைக் குறைத்தாலோ, பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றினாலோ, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். உரிமமில்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு. சமூக ஊடகத்தில் "லைசென்ஸ் வேண்டாம், 9 எம்.எம். வீட்டுக்கே வரும்" என்கிற விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். 9 எம்.எம். இங்கே தடை செய்யப்பட்ட ரகம். பொருள் வராவிட்டால் பணம் போகும்; வந்தால் வாழ்க்கையே போகும். சாதாரண உரிமதாரர் வாங்கக்கூடியது .22, .32 போன்ற ரகங்கள். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், உரிமம் 5 ஆண்டுக்கு. தெரிந்தவரிடம் பழையதை வாங்குவதானாலும், விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும்.

யானை வருகிறது, கையில் ஒன்று இருந்தால் தைரியம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தப் பகுதியில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. ஆனால் .32 தோட்டா யானையை நிறுத்தாது, வெறி பிடிக்க வைக்கும். காயம்பட்ட யானை மறுநாள் இன்னொருவர் வாசலில் நிற்கும்.

துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் முறையாக விண்ணப்பித்தவருக்கு முறையான பதில் பெறும் உரிமை உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும், கேட்டால் தரவும் வேண்டும். பொதுநலன் கருதி மட்டுமே அதைத் தராமல் இருக்கலாம். போலீஸ் அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதற்குக் காத்திராமலே முடிவெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மறுப்பை எதிர்த்து ஆயுதச் சட்டத்தின் 18-ம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பின் உயர் நீதிமன்றம். கோப்பு வனத்துறையில் எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டுப் பரணில் கிடக்கிறது, உரிமம் அவரோடு முடிந்துவிட்டது என்றால், பயந்து புதைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ உடனே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கேட்டு மனுச் செய்யுங்கள்.