வட்டத் தட்டும் சதுரத் தட்டும்

தாமிரபரணிக் கரைக்குப் பலகாரத்தில் பெயர் வாங்கித் தந்தது திருநெல்வேலி அல்வா. அது எடைபோட்டு விற்கப்படுவது. ஆகையால் எந்தப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்தாலும் கணக்குப் பிசகாது. வில்லை போட்டு எண்ணி விற்கும் மைசூர்பாகு, தேங்காய்ப் பர்பி, கேக் முதலியவற்றின் விஷயம் வேறு. அங்கே தட்டின் அளவே லாப நஷ்டத்தை நிர்ணயிக்கிறது. பண்டிகை நாட்களில் இவற்றைச் செய்து விற்கும் அங்கத்தினர் குடும்பங்களுக்கு இக்கணக்கை விளக்க விரும்புகிறோம்.

12 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டுக்குரிய பாகை, 10 அங்குல வட்டத் தட்டில் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2 அங்குலந்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12இன் வர்க்கம் 144. 10இன் வர்க்கம் 100. ஆகவே பாகின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். வழக்கமான அளவில் வில்லை போட்டால், 100 வர வேண்டிய இடத்தில் சுமார் 70 தான் வரும். விலையை மாற்றாவிடில் 30 வில்லையின் கிரயம் நமக்கு நஷ்டம். பெரிய தட்டில் ஊற்றினாலோ வில்லை மெலிந்து, வாங்குவோர் நஷ்டப்படுவர். நம் நாணயமும் கெடும்.

வட்டத்தின் பரப்பை அறியக் கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ் நூல் எளிய வழி கூறுகிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். நெசவாளர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? தட்டின் உட்புற விளிம்பைச் சுற்றி நூலை வைத்து அளந்து, அதை இரண்டாக மடியுங்கள். குறுக்களவையும் அவ்வாறே மடியுங்கள். 14 அங்குலத் தட்டின் சுற்றளவு 44; பாதி 22. விட்டத்தில் பாதி 7. இரண்டையும் பெருக்கினால் 154 சதுர அங்குலம். 14 அங்குல நீளமும் 11 அங்குல அகலமும் உள்ள தட்டின் பரப்பும் அதுவே. ஒன்றுக்கு ஒன்றைத் தயக்கமின்றி மாற்றலாம்.

இதன் காரணம் எளிது. வட்ட அடையொன்றைக் கூம்பு கூம்பாகப் பல துண்டுகளாக்கி, தலைமாற்றி அடுக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு நீள்சதுரம் உருவாகும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. அகலம் பாதி விட்டம்.

சதுரத் தட்டுக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. விட்டத்தை ஒன்பது பங்காக்கி எட்டைக் கொள்க. 9 அங்குல வட்டத்துக்கு 8 அங்குலச் சதுரம் ஈடு. 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியக் கணக்கேட்டில் கண்ட வழி இது. பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சதுரத்தில் ஓரத்து வில்லைகள் வீணாவதுமில்லை.

விளிம்பு சாய்ந்த தாம்பாளத்துக்கு இக்கணக்குப் பொருந்தாது. வழக்கமான தட்டில் பாகு நிற்கும் உயரம்வரை நீர் ஊற்றி, அந்நீரைத் தாம்பாளத்துக்கு மாற்றிப் பார்ப்பதே வழி. அதே உயரம் நின்றால் சரி. பிறகு ஈரமறத் துடைத்துவிட வேண்டும்.

கேக்குக்கு மேலும் கவனம் தேவை. கனம் மிகுந்தால் நடுப்பாகம் வேகுமுன் ஓரம் கருகும். வழக்கமான உயரத்துக்கு மட்டும் மாவை ஊற்றி, மிகுதியை வேறொரு சிறு தட்டில் இடுவதே உத்தமம்.

ஒவ்வொரு தட்டின் பரப்பையும் ஒருமுறை அளந்து, அதன் அடியில் எழுதிவையுங்கள். அடுப்பில் பாகு பதம் வரும் வேளை கணக்குப் போடும் வேளையன்று.