திறந்த மென்பொருளும் ஓர் ஏழை மாகாணமும்

ஸ்பெயின் தேசத்தின் மேற்கெல்லையில், போர்ச்சுகலை அடுத்துள்ள எக்ஸ்ட்ரமதுரா ஒரு விவசாயப் பிரதேசம். ஒலிவம், தக்கை மரம், பன்றி வளர்ப்பு முதலியன அங்குள்ளோரின் முக்கிய ஜீவனோபாயங்கள், பொருள்வளம் சொற்பம். உயர்நிலைப் பள்ளிகளில் இரு மாணாக்கருக்கு ஒரு கம்ப்யூட்டர் வீதம் அளிக்க முற்பட்ட அதன் அரசாங்கத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் உரிமைக் கட்டணம் செலுத்துவது பெரும் பாரமாகத் தோன்றிற்று. ஆகவே, மூலநிரல் யாவருக்கும் திறந்துள்ள டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு, 2002-ம் வருஷத்தில் 'லினெக்ஸ்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதன் குறுந்தகடுகள் ஜனங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. கிராமங்களில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களும் ஏற்பட்டன.

இதன் அனுகூலம் செலவுக் குறைவு மாத்திரமன்று. விலைக்கு வாங்கிய மூடிய மென்பொருளைத் திருத்தும் அதிகாரம் விற்றவரிடமே இருக்கும். திறந்த மென்பொருளோ குடியானவன் தன் களத்தில் எடுத்து வைத்த விதையை ஒக்கும். பெருக்கலாம், அண்டையாருக்கும் கொடுக்கலாம். ஆயினும் விதை தானே விளையாது. பழுது பார்த்துப் புதுப்பிக்கத் தேர்ந்த ஆட்களும் அவர்களுக்குச் சம்பளமும் வேண்டும்.

இந்திய அரசாங்கமும் திறந்த மென்பொருளுக்கு முதன்மை தரும் கொள்கையை 2015-ல் வெளியிட்டது. நிலக் கணக்குகள் தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டியவை. அவற்றைத் திறக்கும் சாவி ஒரு வியாபாரியிடம் மட்டும் இருத்தலாகாது என்பதைக் கிராமாதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் கவனிப்பார்களாக.