இரண்டே விடை வராது

ஒருவர் இரண்டு டீ, ஒரு வடைக்கு 40 ரூபாய் கொடுக்கிறார். டீ என்ன விலை, வடை என்ன விலை? இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 15, 10 ஆக இருக்கலாம். 12, 16 ஆகவும் இருக்கலாம். பக்கத்தில் நிற்பவர் ஒரு டீ, ஒரு வடைக்கு 25 கொடுத்தார் என்றால் தீர்ந்தது: டீ 15, வடை 10.

அவர் நான்கு டீ, இரண்டு வடைக்கு 80 கொடுத்திருந்தால்? சமன்பாடு இரண்டாகிவிட்டது, சேதி ஒன்றுதான். முதல் பில்லின் இரட்டிப்பு அது. விடைகளுக்குக் கணக்கே இல்லை. 85 கொடுத்திருந்தால் விடையே இல்லை. இரண்டில் ஏதோ ஒரு பில் தப்பு.

ஒன்று, எண்ணற்றவை, பூஜ்யம். சரியாக இரண்டு விடை வரவே வராதா? வராது. 40 ரூபாய் பில்லுக்குப் பொருந்திய அந்த இரண்டு விடைகளுக்கும் சராசரி பாருங்கள்: டீ 13.50, வடை 13. இரண்டு டீ 27, வடை 13, மொத்தம் அதே 40! இரண்டு விடை பொருந்தினால் நடுவில் உள்ளதும் பொருந்தும், அதற்கும் நடுவில் உள்ளதும். இரண்டாவது விடை வந்தாலே கூட்டமே வந்துவிடும். இருபடிச் சமன்பாட்டில் இந்த வித்தை பலிக்காது. அங்கே இரண்டு வரலாம்.

பஜ்ஜியும் சேர்ந்தால் கண் ஏமாறும். மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினால் மொத்தம் 35 ரூபாய். ஒரு டீ, இரண்டு வடை, மூன்று பஜ்ஜி 65. இரண்டு டீ, மூன்று வடை, நான்கு பஜ்ஜி 105. எந்த இரண்டு பில்லை எடுத்தாலும் சண்டையில்லை. ஆனால் மூன்றாவதிலிருந்து முதல் இரண்டையும் கழித்தால் தின்பண்டம் ஒன்றும் மிஞ்சாது, 5 ரூபாய் மட்டும் மிஞ்சும். 0 = 5. விடை இல்லை. அது 100 ஆக இருந்திருந்தால் 0 = 0; எண்ணற்ற விடைகள்.

முறையும் இதுதான்: கழித்துக் கழித்து நீக்குங்கள். 0 = 5 போல ஒரு வரி வந்தால் நிறுத்திவிடலாம். வராவிட்டால், 0 = 0 ஆகாமல் மிஞ்சிய வரிகளை எண்ணுங்கள்; பாடப்புத்தகம் ‘தரம்’ என்பது அந்த எண்ணிக்கையைத்தான். மாறிகளின் எண்ணிக்கைக்குச் சமமானால் ஒரே விடை, குறைந்தால் எண்ணற்றவை. கணித மேதை காஸ் பெயரில் வழங்கும் இந்த நீக்கல், அவருக்கு வெகு காலம் முன்பே சீனாவின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ கணித நூலில், 8-ஆம் அத்தியாயத்தில், தானியக் கணக்காக இருக்கிறது.

மாறிகளின் கெழுக்களை வைத்துக் கணக்கிடும் அணிக்கோவை பூஜ்யம் என்றதும் ‘விடை இல்லை’ என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. ஒரே விடை கிடையாது என்பதோடு அது நின்றுவிடும். விடையே இல்லையா, எண்ணற்றவையா என்று தெரிய வலப்பக்கத்து ரூபாயையும் சேர்த்துத்தான் நீக்கிப் பார்க்க வேண்டும்.