புகழும் பொறுப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்னும் சிறு நகரம் உள்ளது. அந்நகரின் கால்பந்துக் குழுவிற்குப் பாக்கர்ஸ் என்பது பெயர். அங்கு ஆடப்படும் கால்பந்து நாம் ஆடும் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும் எறிதலுமே அதில் மிகுதி. இக்குழு தனியொரு செல்வரின் உடைமையும் அன்று. ஆதாயம் கருதாது பங்கு வாங்கிய பொதுமக்களே இதற்கு உரியவர். அவர்கள் சார்பில் ஓர் ஆட்சிக்குழு இதனை நடத்துகின்றது.

1958ஆம் ஆண்டில் பாக்கர்ஸ் குழு 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. மறு ஆண்டு வின்ஸ் லொம்பார்டி என்பவர் அதன் பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் பொறுப்பேற்றார். அடுத்த 9 ஆண்டுகளில் குழு 5 முறை வாகை சூடியது. நகர மக்கள் அவரைப் போற்றிக் கொண்டாடினர். 1968இல் விளையாட்டரங்கை ஒட்டிய சாலைக்கு அவர் பெயரையே சூட்டினர்.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் லொம்பார்டி, பயிற்சியாளர் பொறுப்பைத் தம்மிடம் துணைப் பயிற்சியாளராய் இருந்த பில் பெங்ட்சனிடம் ஒப்படைத்தார். மேலாளர் பொறுப்பை மட்டும் தாமே வைத்துக்கொண்டார்.

இவ்விரு பொறுப்புகளும் ஒன்றல்ல. குழுவில் யார் யார் இடம்பெற வேண்டும் என்பதை முடிவு செய்பவர் மேலாளர்; இடம்பெற்றவர்களைக் கொண்டு வெல்ல முயல்பவர் பயிற்சியாளர். ஒருவர் விதையைப் பொறுக்கித் தருகிறார். மற்றொருவர் உழுது விளைவிக்கிறார். விதை பதராயின் உழுதவரை மட்டும் நோவது முறையாகுமா?

1968 சனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் டான் சாண்ட்லர் என்பவர் கம்பங்களுக்கிடையே பந்தை 4 முறை உதைத்துச் செலுத்தினார். முறைக்கு 3 புள்ளிகள். அதன்பின் அவர் ஓய்வு பெற்றார். அவருக்கு ஈடான ஒருவரைத் தேடித் தருவது மேலாளரின் கடமை. ஆனால் அவ்வாண்டு ஒருவர் மாற்றி ஒருவராய்ப் பலர் உதைத்துப் பார்த்தும் பயன் விளையவில்லை. முன்னைய வெற்றிகளை ஈட்டித் தந்த வீரர்களுக்கும் வயது ஏறியிருந்தது. பந்தெறியும் தலைமை ஆட்டக்காரர் பார்ட் ஸ்டாருக்கு அப்போது வயது 34. குழு 6 ஆட்டங்களில் வென்று, 7இல் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. 1958க்குப் பின் வெற்றியினும் தோல்வி மிகுந்த ஆண்டு அதுவே.

பழி பெங்ட்சன் தலையில் விழுந்தது. அவரும் குறையற்றவர் அல்லர் எனினும், அதில் ஒரு பங்கு மேலாளரையும் சார்ந்ததே. சாண்ட்லர் ஓய்வு பெற்றது லொம்பார்டியின் பிழையன்று. அவ்விடம் நிரம்பாது கிடந்ததற்கு அவரே விடை கூறவேண்டியவர். 5 வாகைகள் பயிற்சியாளரின் கணக்கில் வரவு வைக்கத் தக்கவை; மேலாளரின் கணக்கைத் தனியே பார்த்தல் வேண்டும். 1969 பிப்ரவரியில் ஆட்சிக்குழு, ஒப்பந்தக் காலம் முடியுமுன்னரே லொம்பார்டியை விடுவிக்க, அவர் வாஷிங்டன் குழுவின் பயிற்சியாளராகச் சென்றார். பெங்ட்சன் 1970ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்தபின் பதவி விலகினார்.

பிற்காலத்தில் அதே ஆட்சிக்குழு இக்கணக்கைப் பிரித்தே பார்த்தது. மக்களின் பேரன்பைப் பெற்ற பார்ட் ஸ்டார், 1974இன் இறுதியில் பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் அமர்த்தப்பட்டார். 1980ஆம் ஆண்டு 5 வெற்றிகளே கிட்டியபோது, ஆட்சிக்குழு மேலாளர் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. பயிற்சியாளராக அவர் மேலும் 3 ஆண்டுகள் பணியாற்றினார்.