பழவேற்காட்டுக்கு 2 நாள் ட்ரிப்: படகில் ஏறாமலேயே முழுசா சுத்திப் பார்க்கலாம்... எப்படி?

செமஸ்டர் லீவு விட்டாச்சு. காலேஜ் படிக்கிற பிள்ளைகள், அவர்களுடைய ஃப்ரெண்ட்ஸ், கூடவே பெரியவங்க ரெண்டு பேர் என ஒரு குரூப்பாக எங்காவது போய்வர வேண்டும். கோவா, அந்தமான் எல்லாம் பட்ஜெட்டுக்கு ஒத்து வரவில்லை. அப்போது சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று பழவேற்காடு. ஏரி, தீவு, கடல், பூநாரை, டச்சுக் கல்லறை என எல்லாம் ஒரே இடத்தில். சென்னையில் இருந்து சுமார் 60 கி.மீ. தூரம்தான்.

ஆனால் பிளான் போடும்போதே ஒரு கேள்விக்கு பதில் முடிவாகிவிட வேண்டும். படகில் ஏறுவதா, வேண்டாமா?

ஏன் இந்தக் கேள்வி முதலில்?

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காட்டுக்கு சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு இங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான படகு சவாரிக்கு தடை விதிக்கப்பட்டது. ஆனாலும் விடுமுறை நாட்களில் கரையில் நின்றால், "ஒரு ரவுண்டு போலாமா?" என்று யாராவது கேட்பது நிற்கவில்லை.

இது பழவேற்காட்டின் கதை மட்டும் இல்லை. 2014 ஜனவரி 26-ல் அந்தமானில் தீவு சுற்றிப் பார்க்கச் சென்ற படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தனர். அதில் பலர் காஞ்சிபுரத்தில் இருந்து போனவர்கள். 2017 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் 10 பேர். 2023 மே 7-ல் கேரளாவின் தானூரில் 22 பேர். இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் ஒன்றுதான்: படகு தாங்குவதை விட அதிகம் பேரை ஏற்றியது.

"ஏரி ஆழமே இல்லையே" என்பது சரியா?

பாதி சரி. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியில் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் மீனவர்கள் இறங்கி நடந்தே வலை போடுவார்கள். இதைப் பார்த்துத்தான் வெளியூர் ஆட்களுக்கு தைரியம் வந்துவிடுகிறது.

ஆனால் இது குளம் மாதிரி நிற்கும் தண்ணீர் இல்லை. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து வெளியே போகிறது. அந்தக் குறுகலான இடத்தில் நீரோட்டத்தின் இழுப்பு அதிகம். வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும்போது அலை செங்குத்தாக எழும். மணல் திட்டுகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, ஃபைபர் படகு மீன்பிடிக்கச் செய்தது. வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும், நாலைந்து பேர் பழகிய கால்களோடு நிற்பார்கள். அதில் 15 பேர் ஏறி, ஒரு பூநாரைக் கூட்டம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து செல்ஃபி எடுத்தால் என்ன ஆகும்? எடை மேலே ஏறி ஒரு பக்கமாகச் சாயும். கவிழ சில நொடி போதும். கீழே சேறு. காலை ஊன்றினால் புதையும். நீச்சல் தெரிந்தவரையும் பயந்துபோன இன்னொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார். ஒரு மீட்டர் தண்ணீரும் ஆபத்தாவது இப்படித்தான்.

படகுக்காரரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

முடியாது. பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப்பதற்கு "பாடு" என்ற பழைய முறை உண்டு. எந்த ஊர்க்காரர், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்து முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் தினமும் முறை வராது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் இறால், மீன் வரத்து குறையும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். வருமானம் இல்லாத நாளில் ஒரு ரவுண்டுக்கு கிடைக்கும் பணம் பெரிய விஷயம்தான். அந்தப் பணத்தை ஊருக்குள் கொடுக்க வேறு வழிகள் இருக்கின்றன. அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

முதல் நாள்: ஊர், கல்லறை, கடற்கரை

சென்னை சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பழவேற்காடு சுமார் 20 கி.மீ. பஸ் இருக்கிறது. குரூப்பாக இருந்தால் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். காலை 9 மணிக்குள் ஊருக்குள் போய்விட்டால் வெயிலுக்கு முன் பாதி இடங்களைப் பார்த்துவிடலாம்.

முதலில் டச்சுக் கல்லறை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடு சிற்பங்களே பசங்களை நிறுத்திவிடும். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமாக 1690 வரை இருந்தது பழவேற்காடுதான். இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி உலகம் முழுக்க "புலிகாட்" என்றே பெயர் வாங்கியது. துணி மட்டும் போகவில்லை, மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். கோட்டையில் இன்று புதரும் இடிபாடும்தான் மிச்சம். இந்தக் கதை தெரிந்துகொண்டு போனால் அந்த இடிபாடும் பேசும்.

நடந்துபோகும் தூரத்திலேயே பழைய பள்ளிவாசலும் அதில் நிழலை வைத்து நேரம் பார்க்கும் சூரியக் கடிகாரமும் உண்டு. போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயமும், நுணுக்கமான சிற்பங்கள் கொண்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் இதே ஊரில்தான். மூன்று மதமும் ஒரே கடற்கரையில் பல நூறு ஆண்டுகளாக இருப்பதை அரை நாளில் பார்த்துவிடலாம். வழிபாட்டுத் தலங்களுக்குள் போகும் முன் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மதியம் ஊருக்குள்ளேயே சாப்பிடுங்கள். நண்டு, இறால், மடவை மீன் மூன்றும் இங்கே பேர் போனவை. இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பின்னும் பனை ஓலைப் பெட்டிகளை வாங்குங்கள். ட்ரிப் பணம் ஊர்க்காரர் கைக்குப் போக இதைவிட நல்ல வழி இல்லை.

சாயங்காலம் பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்துவாரம் பக்கம் குளிக்க வேண்டாம்.

இரவு எங்கே? பழவேற்காட்டில் தங்கும் வசதி குறைவு. பொன்னேரி அல்லது கும்மிடிப்பூண்டியில் முன்கூட்டியே ரூம் போட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் நாள்: தீவுக்கு ரோட்டிலேயே ஒரு பயணம்

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. காலை ரயிலில் சூலூர்பேட்டை போய் இறங்குங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் நடுவிலேயே போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். சீசனில் சாலையில் நின்றபடியே பூநாரைகளைப் பார்க்கலாம். படகில் போய்ப் பார்ப்பதை விட இதுதான் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் மோட்டார் சத்தம் கேட்டாலே பறவைகள் எழும்பிவிடும். அப்படி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவை இரை தேடும் நேரமும் தெம்பும் வீணாகும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. அங்கே இஸ்ரோவின் சதீஷ் தவான் விண்வெளி மையம் இருக்கிறது. ராக்கெட் ஏவுதலைப் பார்க்க வேண்டுமானால் இஸ்ரோ இணையதளத்தில் முன்பதிவு திறக்கும்போது பதிவு செய்ய வேண்டும். மற்றபடி ஏவும் நாளைத் தவிர்த்துவிட்டு ட்ரிப் தேதியைக் குறியுங்கள். அன்றைக்குக் கட்டுப்பாடுகள் அதிகம்.

நேரம் இருந்தால் சூலூர்பேட்டையில் இருந்து நேலபட்டு பறவைகள் சரணாலயமும் போகலாம். கூழைக்கடாக்கள் மரத்தில் கூடு கட்டி குஞ்சு பொரிக்கும் இடம் அது. மாலை ரயிலில் நேராக சென்னை.

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். ஆனால் நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பசங்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

18 வயசு தாண்டிய பிள்ளைகளிடம் "போகாதே" என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. பிளானையே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒருவர் ரயில், பஸ் நேரம். ஒருவர் பட்ஜெட். ஒருவர் சாப்பாடு. ஆனால் படகு பற்றிய முடிவை வீட்டிலேயே, எல்லோரும் உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். கரையில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு எப்போதும் கூட்டத்தோடு சேர்ந்த முடிவாகத்தான் இருக்கும். பத்து பேர் ஏறும்போது பயப்படும் ஒருவர் வாயைத் திறக்க மாட்டார்.

எங்கே போனாலும் படகுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: குரூப்பில் ஒருத்தர் "வேண்டாம்" என்றால் யாருமே ஏறுவதில்லை, காரணமும் கேட்பதில்லை.

படகு சவாரி போயே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தால், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் முட்டுக்காடு, பிச்சாவரம் படகு குழாம்களுக்கு வேறொரு நாள் அழைத்துப் போங்கள். எங்கே ஏறினாலும் இதைப் பாருங்கள்:

- படகில் பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா?
- ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? அதைப் போட்டு, பட்டையை இறுக்கிய பிறகுதான் படகு கிளம்ப வேண்டும்.
- சூரியன் மறைந்த பிறகு ஏறவே வேண்டாம்.
- ஓடும் படகில் போட்டோவுக்காக எழுந்து நிற்கக் கூடாது.

பழவேற்காட்டில் இதையும் மறக்காதீங்க

- கண்ணாடி பாட்டிலை ஏரியில் போடாதீர்கள். இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் துழாவித்தான் இறால் பிடிக்கிறார்கள். உடைந்த கண்ணாடி அவர்கள் கையைத்தான் கிழிக்கும்.
- வேலை செய்பவர்களைக் கேட்காமல் போட்டோ, ரீல்ஸ் எடுக்க வேண்டாம்.
- ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இது பறவைகள் சரணாலயம், பக்கத்தில் விண்வெளி மையம்.
- அவசர எண்களை எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்: பொது அவசர உதவி 112, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.