உங்களுக்குத் தெரியுமா? மைதானத்தில் ஓடிய கோழி

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை 2010 நவம்பரில் சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது யார் தெரியுமா? நம் புனேயின் கோழி வியாபார நிறுவனம் வெங்கீஸ்! உள்ளூர் எஃகு முதலாளி ஜாக் வாக்கரின் பணபலத்தில் 1995-இல் பிரீமியர் லீக் பட்டத்தையே வென்ற கிளப் அது. வெங்கீஸ் வாங்கிய அடுத்த மாதமே பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். கோபத்திலும் குசும்பு குறையவில்லை. 2012 மே 7 அன்று விகன் அணியுடன் ஆட்டம் நடக்கும்போதே, கிளப் கொடி போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார்கள். கோழியைப் பிடித்துவிட்டார்கள், ஆட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. 1-0 எனத் தோற்று, அன்றிரவே பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது பிளாக்பர்ன். 2017-இல் மூன்றாம் நிலை லீக்குக்கும் சரிந்தது.